நே என்று சொன்னேன்

உன் அப்பாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு பஸ்ஸின் பின்கண்ணாடி வழியாக. பின்சீட்டில் முட்டி போட்டு என் பக்கமாகத் திரும்பியிருந்தான். இரண்டு கையையும் தாடைக்குக் கீழே வைத்துப் பத்து விரலையும் ஆட்டிக் காட்டினான். துறைமுகத்து வளைவில் பஸ் மறைகிறவரை ஆட்டிக்கொண்டே போனான். நான் கை காட்டவில்லை. கையில் ஜெபப் புத்தகம் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு, ஆகஸ்ட் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி. பனிமய மாதா திருநாள் என்பதால் தேதி மறக்காது. அன்றைக்கு நம் தூத்துக்குடியில் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். அவன் இறங்கினான்.

டீயைக் குடி, எமல்டா. ஆறிவிடும். சர்க்கரை போதவில்லை என்றால் அந்த டப்பாவில் இருக்கிறது. என் வீட்டுக்காரி பிலோமி போன பிறகு நானே போட்டுக் குடிப்பதால் அளவு தெரிவதில்லை. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் பேசுவது புத்தகம் வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று அவளும் சொல்வாள். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். மற்றதெல்லாம் கப்பலில் பங்க் கட்டிலில் படுத்துக்கொண்டு நானாகப் படித்தது. அதனால் பேச்சும் எழுத்தும் ஒன்றாகிவிட்டது. பேசுவதே குறைவு. எங்கள் எஞ்சின் ரூமில் நாள் முழுவதும் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

நீ ஆட்டோவை விட்டு இறங்கி, "கணவாய் பெரியப்பா வீடு இதுதானா" என்று கேட்டாயே, நாற்பத்தொரு வருஷமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உனக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று வாசலிலேயே கேட்டிருப்பேன். கேட்கவில்லை. உன் அப்பா எழுதிய கடிதம் வைத்திருக்கிறாய் என்கிறாய். இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். போலீஸ் அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருந்தது. "எச்சரிக்கப்பட்டும், அதைப் புரிந்துகொண்டும், தன் விருப்பப்படி கடலில் இறங்கினார்." உன் அம்மாவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டியது உங்கள் பங்குச் சாமியாராகத்தான் இருக்க வேண்டும். அவள் சாகிறவரை அந்த ஒரு வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்கிறாய். வேண்டாம்னு சொல்லியும் எறங்கின மனுசன், நம்மளை நெனச்சிருந்தா எறங்கிருப்பானா என்று. அவன் படத்தைச் சுவரில் மாட்டவே விடவில்லை என்கிறாய். கேட்க வருத்தமாக இருக்கிறது. அது உண்மையா, இல்லையா என்று தெரிந்தால் போதும், அடுத்த மாதம் அந்தத் தீவுக்குப் போகும்போது கல்லறை முன்னால் என்ன மனதோடு நிற்பது என்று தெரியும் என்கிறாய்.

உண்மைதான் மகளே. அவனைத் தடுத்தார்கள். இரண்டு தடவை தடுத்தார்கள். தடுத்த கிழவரை நான் நேரில் பார்த்தேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

சீரோஸ் என்று பெயர் அந்தத் தீவுக்கு. கடலிலிருந்து வரும்போதே இரண்டு குன்று தெரியும். இரண்டின் உச்சியிலும் கோயில். இடது பக்கத்துக் குன்று நம் கத்தோலிக்க சபை. கிரேக்க நாட்டில் அப்படி ஒரு இடமா என்று எங்களுக்கு ஆச்சரியம். கீழே துறைமுகம். பயணிக் கப்பல் ஒன்று வாயைத் திறந்து லாரியையும் ஆட்களையும் கக்கிவிட்டு மூடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். பெட்டியும் பையுமாக வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், குளிக்க. தீவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் குளிக்கிற கடற்கரை. துறைமுகத்திலிருந்தே பஸ் புறப்படும். காலையில் போய்விட்டு, சாயங்காலம் தோல் சிவந்து திரும்பி வருவார்கள்.

எங்கள் கப்பலைப் பழுது பார்க்க அங்கே கொண்டுபோயிருந்தார்கள். டிரை டாக்கில் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். கப்பலின் அடிவயிறு முழுக்கத் தெரியும். பாசியும் சிப்பியும் ஒட்டி, சிவப்புச் சாயம் உரிந்து. அத்தனை வருஷம் அதற்கு மேலே நின்று வேலை பார்த்தவர்கள் நாங்கள். அதை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. உன் அப்பா ஏணியில் இறங்கிப் போய் அதன் அடியில் கையை வைத்துத் தட்டிப் பார்த்தான். "செத்த மீனு மாதிரி குளுந்து கெடக்குண்ணே" என்றான்.

நாற்பது நாள் என்றார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேரில் தமிழர் நாங்கள் இரண்டு பேர். நான் எஞ்சின் ரூமில் ஆயில்மேன். உன் அப்பா பெர்க்மான்ஸ் மேல்தளத்தில். எனக்கு இருபத்தொன்பது, அவனுக்கு இரண்டு வயது குறைவு. நான் வலைக்காரர் குடும்பம். அவன் சங்கு குளிக்கிற குடும்பம். அவன் தாத்தா கல்லைக் கட்டிக்கொண்டு முங்கினவர். அவனும் ஒரு மூச்சில் இரண்டு நிமிஷம் நிற்பான். எல்லாரையும் சிரிக்க வைப்பான். பிலிப்பைன்ஸ்காரர்கள், கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான கிரேக்க மேட், சமையல்காரர் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதைச் சொல்லிவிட வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் காற்று வந்தால் மேகம் வரும், கடல் நிறம் மாறும், காக்கை கரைக்கு வரும். அங்கே ஒன்றும் கிடையாது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். பளீரென்று வெயில் அடிக்கும். ஆனால் வடக்கிலிருந்து காற்று வரும். தொடங்கினால் மூன்று நாள், சில சமயம் ஏழு நாள். துறைமுகத்தில் கட்டிய கயிறெல்லாம் விசிலடிக்கும். ஜன்னல் பலகைகளைச் சாத்திவிட்டுக் கறுப்பு உடுத்திய கிழவிகள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். காற்று நின்ற பிறகும் கடல் நிற்காது. மேலே பார்த்தால் கண்ணாடி. அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். நம் கடல் கோபம் வந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டாது. நீலமாகவே இருந்துகொண்டு ஆளை எடுக்கும்.

கணவாய்க் கதைக்கு வருகிறேன். அதைக் கேட்கத்தான் நீ சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாய்.

எனக்குப் பாஷைகளில் ஆசை உண்டு. பம்பாயில் இந்தி கற்றுக்கொண்டேன். சீரோஸில் இறங்கிய அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். கேட்கிற வார்த்தையைத் தமிழில் எழுதி, பக்கத்தில் அர்த்தம் எழுதி, தேதி போடுவேன். தேதி போடுவது என் பழக்கம். மூன்றாம் நாள் ஒரு காப்பிக் கடையில் நுழைந்து கடைக்காரரிடம் காலை வணக்கம் சொன்னேன். கலிமேரா என்று சொல்ல வேண்டும். நான் கலமாரி என்று சொல்லிவிட்டேன். கலமாரி என்றால் கணவாய் மீன். கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரு ஆள் தட்டில் வறுத்த கணவாயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

அதோடு போயிருக்கும். உன் அப்பா விடவில்லை. கப்பலுக்கு வந்து நடித்துக் காட்டினான். கணவாயின் கால் ஆடுகிற மாதிரி தாடைக்குக் கீழே விரலை ஆட்டி, என் நடையை நடந்து, என் குரலில் கலமாரி என்றான். அன்றிலிருந்து நான் கணவாய் அண்ணன். பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அர்த்தம் தெரியாது, ஆனாலும் "கனவாய், கனவாய்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். இதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் நான் இல்லை. நாற்பத்தொரு வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்பதால் மனதில் வைத்திருந்தேன் என்று நினைக்காதே.

கோயில் குன்றுக்குப் போகிற படிக்கட்டின் அடியில் ஒரு மிட்டாய்க் கடை இருந்தது. நம் மஸ்கோத் அல்வா மாதிரி ஒன்றை வெட்டி மாவு தூவி விற்பார்கள். கடைக்காரி பெயர் ரோசா. நம் ஊர்ப் பெயர்தான். அறுபது வயது இருக்கும். கணவன் கடலில் இறந்துபோனவன். அங்கே அம்மா என்று கூப்பிடுவதற்குக் கீரியா என்பார்கள். கீரியா ரோசா. உன் அப்பா கீரிப்பிள்ளை என்பான். அந்த அம்மாள்தான் எனக்குப் பாஷை கற்றுக்கொடுத்தது. வேலை முடிந்து சாயங்காலம் போவேன். ஸ்டூல் எடுத்துப் போடுவாள். ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிச் சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். என்னைத் தாஸ்காலே என்று கூப்பிடுவாள். வாத்தியாரே என்று அர்த்தம். என்னை வாத்தியாரே என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான்.

உன் அப்பாவுக்கு அந்தப் பாஷை வரவே இல்லை. ஜூலைக் கடைசியில் ஒரு நாள் நாங்கள் ரொட்டி வாங்கப் போனோம். அவன் உள்ளே போய் ரொட்டியைக் காட்டி, இருக்கா என்று சைகையில் கேட்டான். அந்தப் பெண், "நே, நே" என்றாள். இவன் வெளியே வந்துவிட்டான். முகம் கறுத்துவிட்டது. "கடை நெறைய ரொட்டிய வச்சிக்கிட்டு இல்லங்கா பாருங்கண்ணே. நம்ம நெறத்தப் பாத்துட்டுத்தான் இல்லங்கா" என்றான். நோ, நஹி என்று கேட்டுப் பழகிய காது. நே என்றாலும் இல்லை என்றுதான் விழும். யாருக்கும் அப்படித்தான் விழும்.

நான் உள்ளே போய் இரண்டு ரொட்டி வாங்கி வந்தேன். உங்களுக்கு மட்டும் எப்படிக் குடுக்கா என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் நடந்துகொண்டே அந்த ரொட்டியைத் தின்றான், பாதி வழியில் மறுபடியும் சிரிக்கத் தொடங்கிவிட்டான். "ஏன்னா நீங்க கணவாய், அவுக ஊரு மீனு" என்றான்.

இன்னொரு தடவை துறைமுகத்தில் ஒரு படகு. ஏறட்டுமா என்று படகுக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவன் புருவத்தைத் தூக்கி, தலையை மேலே வெட்டினான். நம் ஊரில் தலையை அப்படி மேலே தூக்கினால் என்ன அர்த்தம், சொல். ம், ஏறு என்றுதானே. இவன் ஏறி உட்கார்ந்துவிட்டான். படகுக்காரன் கத்தித் தீர்த்துவிட்டான். "வான்னும் சொல்லுதான், வந்தா ஏசவும் செய்தான், என்ன மனுசங்களோ" என்று உன் அப்பா இறங்கி வந்தான். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் வேடிக்கை. அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஜூலை முப்பதோ முப்பத்தொன்றோ, ஏஜென்ட் ஆபீஸில் கடிதம் வந்திருந்தது. நீ பிறந்திருக்கிறாய் என்று. உன் அம்மா எழுதியது. பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. அவன் அதைப் படிக்கத் தெரியாதவன் மாதிரி மூன்று தடவை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னான். ரோசா கடைக்குப் போய் ஒரு பெட்டி மிட்டாய் வாங்கித் தெருவில் வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தான். அப்போதுதான் கடை ஜன்னலில் அந்தச் சங்கைப் பார்த்தான். முழங்கை நீளம். பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. அந்தக் காலத்து மீனவர்கள் படகில் ஊதுவார்களாம். ரோசாவின் கணவன் எடுத்தது.

அவன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். எடை பார்த்தான், காதில் வைத்தான். இது எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள் என்றான். கேட்டேன். மாவ்ரா என்றாள். மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறை. மாவ்ரா என்றால் கறுப்பு. அங்கே பாறையில் குகை இருக்கிறது என்று கையால் காட்டினாள். அதற்குமேல் அவள் நிறையச் சொன்னாள், வேகமாகச் சொன்னாள், சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரி நின்றேன். என்ன சொல்லுதா என்று கேட்டான். அவள் புருஷனைப் பற்றி என்றேன். அது பொய் இல்லை. அவனைப் பற்றியும் சொன்னாள்.

"எம் புள்ளைக்கு இதுலதாண்ணே பாலு ஊத்தணும்" என்றான். அவ்வளவு பெரிய சங்கில் யாராவது பிள்ளைக்குப் பால் ஊற்றுவார்களா. மூச்சு முட்டிப் போகும் என்றேன். சின்னதாக ஒன்று எடுத்து வருகிறேன் என்றான்.

புதன்கிழமை காற்று தொடங்கியது. நாலு நாள். கப்பல்கள் வரவில்லை. மாவு, பால் எல்லாம் குறைந்துபோய் ஊரே சத்தமில்லாமல் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் சட்டென்று நின்றுவிட்டது. அன்று சாயங்காலம் நாங்கள் ரோசா கடையில் இருந்தோம். அவள் என்னைத் தாஸ்காலே என்று கூப்பிட்டாள். உன் அப்பா அர்த்தம் கேட்டான். சொன்னேன். சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து நின்று அவள் முன்னால் என்னைப் போல நடந்து, கையைக் கட்டி, கலமாரி என்று சொல்லி, தாடையில் விரலை ஆட்டினான். அவளுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது. புரிந்ததும் சிரித்தாள். அப்படிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்து முந்தானையால், இல்லை, அவர்களுக்கு முந்தானை ஏது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். நான் நோட்டை மூடிப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரியாது. அவனுக்கு எல்லாமே சிரிப்பு.

மறுநாள் காலை நான் பூசைக்குப் புறப்பட்டேன். பஸ் நிற்கிற இடம்வரை அவனும் கூடவே வந்தான். தோளில் துணிப்பை. "வாங்கண்ணே, நீங்களும் வாங்க. நீங்க இருந்தா அங்க பேசிக்கிடலாம்" என்றான். திருநாள் அன்றைக்குப் பூசையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றேன். மாதா கோவிச்சுக்கிட மாட்டா, புள்ளைக்குத்தானே போறேன் என்றான். கடலுக்குப் போகிறவனை எங்கே போகிறாய் என்று நம்மில் யாரும் கேட்க மாட்டோம். உனக்குத் தெரியும். அதனால் தூரமா என்று மட்டும் கேட்டேன். பஸ் போற தூரந்தான் என்றான். ஏறிக்கொண்டான். மற்றதைச் சொல்லிவிட்டேன்.

பூசை முடிந்து குன்றின் மேலிருந்து பார்த்தால் கடல் நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு அலை இல்லை. கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி கோழியை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணி பஸ்ஸில் அவன் வரவில்லை. ஏழு மணி பஸ் கடைசி. அதில் இறங்கியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாரும் ஈரத் துண்டோடு இறங்கினார்கள். டிரைவர் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டினான். நான் போய் மேட்டிடம் சொன்னேன். அவர் துறைமுகப் போலீஸிடம் சொன்னார். மாவ்ரா என்று நான்தான் சொன்னேன். உடனே சொன்னேன். அதை ஒளிக்கவில்லை.

மூன்றாம் நாள் எடுத்தார்கள். குகைக்குள் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நான்தான் அடையாளம் சொன்னேன். அதைப் பற்றி உனக்குச் சொல்ல மாட்டேன். கரையில் அவன் பை அப்படியே இருந்தது. சட்டை, துண்டு, பாதி ரொட்டி.

பிறகு ஒரு போலீஸ் அதிகாரி என்னை ஜீப்பில் மாவ்ராவுக்குக் கூட்டிப்போனார். ஓரளவு இங்கிலீஷ் பேசுவார். எனக்கும் அவர் பாஷை கொஞ்சம் தெரியும் என்று மேட் சொல்லியிருந்தார். கறுப்புக் கூழாங்கல் கரை. ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை, நாலு மேஜை. கடைக்காரக் கிழவர் வெளியே உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஜீப்பைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். கறுப்பான ஒரு பையன் வந்தான், சிரித்த முகம். குகையைக் காட்டினான், நீந்துகிற மாதிரி கையைக் காட்டினான். நான் வேண்டாம் என்றேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். சட்டையைக் கழற்றினான். திரும்பிப் பார்த்து மறுபடி கேட்டான். மறுபடியும் வேண்டாம் என்றேன். கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டான். நான் எழுந்து போவதற்குள் தலை தெரியவில்லை.

எப்படி வேண்டாம் என்றீர்கள் என்று அதிகாரி கேட்டார். கிழவர் செய்து காட்டினார். புருவத்தைத் தூக்கி, நாக்கை ஒரு தரம் தட்டி, தலையை மேலே வெட்டினார். அவ்வளவுதான். அவர்களுக்கு அது இல்லை, கூடாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் சொல்வார்கள். வாயைத் திறக்கக்கூட மாட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது இல்லை என்பதற்கான சைகை என்று.

அதிகாரி நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உன் நண்பனுக்கு இது புரிந்திருக்குமா என்று கேட்டார். கிழவரும் என்னைத்தான் பார்த்தார். தொப்பி இன்னும் அவர் கையில் இருந்தது. நோ என்று சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் எது யார் பாஷை என்று குழம்பிப்போய் வாயில் நே என்று வந்துவிட்டது.

நே என்றால் அவர்களுக்கு ஆமாம்.

அதிகாரி எழுதிக்கொண்டார். கிழவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அந்த வரி அப்படி வந்ததுதான். புரிந்துகொண்டும், தன் விருப்பப்படி. பாஷை தெரியாமல் வாய் தவறினதுதான். நான் திருத்தியிருக்கலாம் என்று நீ சொல்லலாம். ஜீப் புறப்பட்டுவிட்டது.

நம் சபைக் கல்லறையில் வைத்தோம். ரோசா வந்திருந்தாள். என்னிடம் ஏதோ கேட்டாள், நான் விளங்காத மாதிரி நின்றேன். நான் அடுத்த துறைமுகத்தில் கையெழுத்துப் போட்டு இறங்கிவிட்டேன். பிறகு கப்பல் ஏறவில்லை. இந்தப் பாளையங்கோட்டையில் நூற்பாலையில் பாய்லர் வேலை. கடல் காற்று வராத ஊர் வேண்டும் என்று பிலோமியிடம் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம்.

சரி, அந்தக் கடிதத்தை வாசி. கண்ணாடி உள்ளே இருக்கிறது, நீயே வாசி.

என்ன தேதி. ஆகஸ்ட் நாலு. சனிக்கிழமை. ரோசா கடையிலிருந்து வந்த பிறகு எழுதியிருக்கிறான்.

மறுபடி வாசி. அந்த இடத்தை மட்டும்.

"நம்ம கணவாய் அண்ணன் ஒரே மாசத்துல இந்த ஊர் பாஷையை எழுதப் படிக்க கத்துக்கிட்டாக. இங்க ஒரு அம்மா அவுகளை வாத்தியாரேன்னுதான் கூப்பிடுது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அவுக கூட இருக்கையில எனக்கு இங்க ஒரு பயமும் இல்ல. ஏதும் தெரிய வேண்டியிருந்தா அவுக சொல்லிருவாக."

சொல்லிருவாக. அப்படியா எழுதியிருக்கிறான்.

இரு. தண்ணீர் வேண்டாம். இரு.

அந்தப் பீரோவின் மேல்தட்டில் பிலோமியின் சேலைக்கு அடியில் ஒரு நோட்டு இருக்கிறது. நீல அட்டை. எடு. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கும், பார்த்துப் பிரி. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி இருக்கும். முதல் பக்கங்கள் வேண்டாம், அதில் மீன் பெயர்கள். ரொட்டிக் கடைக்கு முன்னால், படகுக்கு முன்னால் பார். ரோசா முதல் தடவை ஸ்டூல் போட்ட நாள். அன்றைக்கு அவள் மிட்டாய்த் தட்டை நீட்டி வேண்டுமா என்றாள், நான் எதைச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன், அவள் சிரித்துக்கொண்டே இரண்டையும் செய்து காட்டினாள். நான் எழுதிக்கொண்டேன். பெர்க்மான்ஸ் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அதோடு அவன் அந்த ரொட்டிக் கடை வாசலில் முழித்துக்கொண்டு நின்றதை, ஒரு தடவையாவது, நானும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று இருந்தது.

நோட்டை நீயே கொண்டுபோ. கல்லறைக்குப் போகும்போது வேண்டுமானால் கொண்டுபோ. வேண்டாம் என்றால் உன் அம்மாவின் பெட்டியில் வை, அந்த அறிக்கை இருக்கிற இடத்தில்.

அந்தப் பக்கம்தான். கையை எடு, வெளிச்சத்தில் பிடி.

நே – ஆமாம். தலையை மேலே தூக்கினால் – இல்லை, கூடாது.

ஜூலை பத்தொன்பது, வியாழக்கிழமை. என் கையெழுத்து. மை இன்னும் மங்கவில்லை.